சவுக்கு மயில்கள்

கரவெட்டி கனகசபாபதி மாஸ்ரர் அவர்களுக்கு,

வாசலுக்குச் செடி தெரிவு செய்யும்போது நம்மவர்கள் செய்கிற பெரிய பிழை, பூவைப் பார்த்து மயங்குவது. பூ நாலு நாளைக்குத்தான். வெட்டி உருவம் எடுக்கிற செடிக்கு இலைதான் முக்கியம். இலை சிறிதாக இருக்க வேண்டும், நெருக்கமாக இருக்க வேண்டும், வெட்ட வெட்டக் கோபிக்காமல் தளிர்க்க வேண்டும். இது விளங்காமல் கொக்குவிலில் பாதிப் பேர் வாசலில் செவ்வரத்தையை நட்டுவிட்டு, அது தலைவிரித்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும். என் மனைவியின் தங்கை இராசாத்தியின் இரண்டு பெண்களுக்கும் சம்பந்தம் பேசுகிற இடங்களில் காட்டுவதற்கு, நடந்ததை நடந்தபடி என் கையால் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் செடியிலிருந்து தொடங்காவிட்டால், வாசிக்கிறவர்கள் என்னை ஏதோ கெட்ட மனிதன் என்று நினைத்துவிடுவார்கள்.

கண்டியில் இருபத்தெட்டு வருஷம் கிளாக்கராக இருந்தேன். கந்தோருக்குப் போகிற வழியில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களா. அதன் வாசலில் பச்சைச் செடியில் வெட்டிய இரண்டு அன்னங்கள் நிற்கும். ஒவ்வொரு நாளும் அவற்றைப் பார்க்கும்போது எனக்குள்ளே ஒரு கிளுகிளுப்பு. பென்சன் எடுத்து ஊருக்கு வந்ததும் இதே போல ஒரு சோடி வைப்பேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்றில் வந்தேன். முதலில் மருதோன்றி வைத்துப் பார்த்தேன், முள் குத்தியது. நந்தியாவட்டை வைத்தேன், இலை பெரிது, மூக்குச் செதுக்க முடியாது. கடைசியில் சவுக்குத்தான் சரி என்று கண்டேன். நம்முடைய சுண்ணாம்பு மண்ணுக்கும் உப்புக் காற்றுக்கும் அது பயப்படாது. பக்கத்துத் திருநெல்வேலியில் கன்று விற்கிற ஒருவரிடம் போய், அறுபது கன்றுகளை வரிசையாக வைத்து, உயரம், கிளை, தண்டின் நேர் எல்லாம் ஒத்துப்போகிற இரண்டைத் தெரிந்தெடுத்தேன். சாதகப் பொருத்தம் பார்க்கிறவன்கூட அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்க மாட்டான். காலையில் போனவன் பின்னேரம்தான் திரும்பினேன். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன விசேஷம் என்று கேட்டார். அவ்வளவு சிரித்த முகமாக இருந்தேனாம்.

சிங்கமா, நிறைகுடமா, மயிலா என்று ஆறு மாதம் யோசித்தேன். மயில் என்று முடிவாயிற்று. கம்பி கட்டி, கிளை வளைத்து, நாலு வருஷத்தில் படலையின் இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு மயில்கள் நின்றன. தெருவால் சைக்கிளில் போகிறவர்கள் கால் ஊன்றி நின்று பார்த்தார்கள். நான் மதிலுக்குள் ஒளிந்து நின்று அவர்கள் சொல்வதைக் கேட்பேன். அந்தச் சந்தோஷத்தை எழுதிக் காட்ட எனக்குத் தமிழ் போதாது.

இப்போது வீட்டு விஷயம். வீடு என் மனைவி தங்கமுத்துவின் சீதனம். தாயிடமிருந்து அவளுக்கு வந்தது. அவளிடமிருந்து எங்கள் ஒரே மகள் கமலாவதிக்குப் போக வேண்டியது. அவள் கலியாணத்தன்று வீட்டு உறுதி அவள் பேருக்கு மாறும், மருமகன் வந்து வீட்டுக்காரனாக இருப்பான், நான் பின் அறையில் ஒரு கட்டிலுக்கு உரியவன். ஊர் வழக்கம் அது, அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை. ஆனால் மயில்கள் யாருடைய சீதனமும் அல்ல.

அறுபத்தாறில் கமலாவதிக்கு இருபத்துநாலு வயது. மானிப்பாயிலிருந்து ஒரு ஆஸ்பத்திரி அப்போதிக்கரி மாப்பிள்ளை பேசி வந்தது. நல்ல பொடியன், நல்ல குடும்பம், எனக்கும் பிடித்திருந்தது. பெண்பார்த்து எழும்பிப் போகும்போது மாப்பிள்ளையின் தகப்பனார் படலையடியில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

“உந்த ரெண்டையும் தறிச்சுவிட்டால் மகன்ரை ஒஸ்ரின் கார் வடிவா உள்ளுக்கு வரும்,” என்றார்.

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மறுநாள் நான் இடது கையால் ஒரு கடிதம் எழுதினேன். பெண்ணுக்குச் சிறுவயது முதல் வலிப்பு உண்டு, விசாரித்துச் செய்யவும், இப்படிக்கு நலன்விரும்பி. நம்முடைய ஊரில் மொட்டைப் பெட்டிசம் எழுதாமல் ஒரு கலியாணம் நடந்திருக்கிறதா, மாஸ்ரர்? யாராவது எழுதத்தான் போகிறார்கள். அதை நான் எழுதினால் அளவோடு இருக்கும் என்று நினைத்தேன்.

யாழ்ப்பாணம் பெரிய தபாற்பெட்டியில் போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் இரண்டு கப் ஐஸ்கிறீம் சாப்பிட்டேன். வரும்போது பஸ் எடுக்கவில்லை. ரயில் பாதை ஓரமாகப் பாடிக்கொண்டே கொக்குவில் வரை நடந்தேன். ஐம்பத்தாறு வயதில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஓடி வந்தேன் என்றால் நம்புவீர்களோ தெரியாது. தரகர் அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

இரண்டாவது வந்தவர் ஓவர்சியர். அவருக்குக் கார் இல்லை. மயில்களைப் பார்த்ததும் மிகவும் சந்தோஷப்பட்டார். அவ்வளவில் நின்றிருந்தால் அவர் இன்று என் மருமகன். கத்தரிக்கோலை வாங்கி, தானும் ஒரு கை பார்க்கிறேன் என்று இடது மயிலின் சொண்டை நறுக்கிவிட்டார். ஆனாலும் நான் சிரித்தேன். அந்த முறை கடிதத்தில் நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. பெண்ணைப் பதினெட்டு வயதில் பதினொரு மாதம் கண்டியில் கொண்டுபோய் வைத்திருந்தது ஏன் என்று விசாரிக்கவும் என்று மட்டும் எழுதினேன். அவள் என்னோடு இருந்து தட்டெழுத்துப் படித்தாள். விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் விசாரிக்கவில்லை.

கதை ஊரில் பரவியது. தங்கமுத்து கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கந்தசஷ்டி ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு விரதம் பிடிக்கத் தொடங்கினாள், மகளுக்கு ஒரு வழி பிறக்க வேண்டும் என்று. அவளைத் தனியே விடக்கூடாது என்று நானும் பிடித்தேன்.

“இஞ்சாருங்கோ, ஆர் பெத்த பிள்ளையை ஆர் உப்பிடி எழுதுகினம்?” என்று ஒருநாள் கேட்டாள்.

உலகம் கெட்டுப்போயிற்று என்று சொன்னேன். அப்படித்தான் எனக்கும் பட்டது.

மூன்றாவது சம்பந்தம் எழுபதில். எஞ்சினியர். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. அவருடைய தாயார் கூட வந்து இருப்பாவாம், வரும்போது இரண்டு ஆடுகளையும் கொண்டுவருவாவாம். ஆடு, மாஸ்ரர். தங்கமுத்துவின் குடும்பத்தில் சயரோகம் பரம்பரையாக உண்டு என்று எழுதினேன். அதைச் சஷ்டி விரதத்தின் நாலாம் நாள் எழுதினேன். பசி வயிற்றில் எழுதினால் வசனம் சுருக்கமாக வரும். தங்கமுத்துவின் குடும்பம் என்றால் இராசாத்தியும் அவளுடைய பெண்களும் அதற்குள் அடங்குவார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பிறகும் யோசிக்கவில்லை. அந்தப் பேச்சால் அவர்களுக்கும் சம்பந்தம் தட்டிப்போகிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

தங்கமுத்து அடுத்த வருஷம் சஷ்டி முடிந்து பாரணைக்கு மறுநாள் இறந்தாள். இருதயம் என்று டொக்டர் சொன்னார். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் மயில்களுக்கு இடையால்தான் வந்தார்கள். அத்தனை பெரிய சனத்தில் ஒரு கிளைகூட முறியவில்லை.

பிறகு உங்கள் மருமகன், சகோதரியின் மகன் சிவகடாட்சம். கமலாவதி படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலேயே அவரும் படிப்பிக்கிறார், அவளுக்கும் விருப்பம் என்று நீங்கள்தான் ஆள் அனுப்பினீர்கள். காரும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை, ஆடும் இல்லை. நாலாவது முறை நான் காரணம் தேடவில்லை. கை பழகிவிட்டது.

அந்தக் கடிதத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து என் முன்னால் வாசித்தீர்கள். வலிப்பு, கண்டி, சயரோகம் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தீர்கள். “எனினும் மேற்படி வாசலில் நிற்கும் மயில்கள் இரண்டும் வடமாகாணத்தில் எங்கும் காணக்கிடையாதவை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.”

“முத்துக்குமாரு அண்ணை, பெட்டிசம் எழுதிறவன் வாசல் மரத்தைப் புகழுவானே?” என்று கேட்டீர்கள்.

நாலு கடிதத்திலும் அந்த வரி இருந்தது. விட முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நீங்களும் பார்த்தீர்கள். ஒன்பது வருஷத்தில் என் எழுத்தை ஒழுங்காக வாசித்த ஒரே மனிதர் நீங்கள்.

நீங்கள் சத்தம் போடவில்லை. “வீடு வேண்டாம் அண்ணை. பிள்ளையைத் தந்தால் காணும். கரவெட்டியிலை வந்து இருக்கட்டும்,” என்றீர்கள்.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை அடக்க முடியாமல்தான் உங்களுக்கு இன்னொரு தேத்தண்ணி போடச் சொன்னேன். வீடு என்னோடு, மயில்கள் என்னோடு, மகளுக்கும் கலியாணம். இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் முதலிலேயே சீதனம் கேளாத மாப்பிள்ளையாகத் தேடியிருப்பேன்.

நீங்கள் போன பிறகு, பின்னேரம், கமலாவதி வழக்கம்போலக் கிணற்றடிக்குப் போனாள். கோடையில் மயில் ஒன்றுக்கு இருபது வாளி. எட்டு வருஷமாக அவள்தான் அள்ளி ஊற்றுகிறாள். பள்ளிக்கூடத்தால் வந்து சீலையை மாற்றிவிட்டு, ஒரு பேச்சுப் பேசாமல் நாற்பது வாளி. மறுநாள் நான் அள்ளிப் பார்த்தேன். எட்டாவது வாளியில் களைத்துக் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன்.

அவளிடம் போய் நியாயமாகச் சொன்னேன். சிவகடாட்சம் இங்கேயே வந்து இருக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை, இல்லாவிட்டால் கோடை முடியும்வரை கலியாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்றேன். நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்பதையும், கடிதங்களைப் பற்றியும் மெல்ல எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

“ரெண்டாவது கடிதத்தைத் தரகர் என்ரை கையிலைதான் தந்தவர், அப்பா. அண்டைக்கே எனக்குத் தெரியும்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அம்மா தாங்கமாட்டா எண்டு சொல்லேல்லை.”

அம்மா போய் நாலு வருஷம் ஆயிற்றே என்றேன்.

“நீங்களாய் நிப்பாட்டுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்,” என்றாள். பிறகு வாளியை எடுத்து, மிச்சத் தண்ணீரை இரண்டு மயிலுக்கும் சமமாகப் பிரித்து ஊற்றினாள்.

மாஸ்ரர், இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு துள்ளுகிறது. எட்டு வருஷமாக எல்லாம் தெரிந்திருக்கிறது. கத்தரிக்கோல் சுவரில்தான் தொங்குகிறது. கிணற்றடியில் கோடரி இருக்கிறது. ஒரு இலையை அவள் கிள்ளியதில்லை. ஒரு நாள் தண்ணீர் தவறியதில்லை. மயில்கள்மேல் என்னைவிட ஆசை வைத்த ஒரு ஆள் இந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது, நான் அறியவில்லை.

இனி, நீங்கள் கேட்டபடி. கமலாவதிக்கு வலிப்பு என்றைக்கும் இருந்ததில்லை. கண்டியில் அவள் தட்டெழுத்துத்தான் படித்தாள். தங்கமுத்துவின் குடும்பத்தில் யாருக்கும் சயரோகம் இல்லை, இராசாத்தியின் பெண்கள் இருவரும் பூரண சுகத்தோடு இருக்கிறார்கள். நாலு கடிதங்களையும் எழுதியவன் நான், கமலாவதியின் தகப்பன், கொக்குவில் வைத்திலிங்கம் முத்துக்குமாரு. யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை.

நேற்று உங்கள் வீட்டார் வந்து கலியாணத்துக்கு அவளை அழைத்துப் போனது உங்களுக்குத் தெரியும். கார் உள்ளே வர இடமில்லை, தெருவிலேயே நின்றது. சிவகடாட்சம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மயிலின் தோகையில் முட்டாமல் பக்கவாட்டில் நடந்தார். மரியாதை தெரிந்த பொடியன். கமலாவதி என் காலில் விழுந்து கும்பிட்டாள். போய்வாறன் என்று சொல்லவில்லை, அவசரத்தில் மறந்திருப்பாள். இரண்டு மயிலுக்கும் நடுவால் நேரே நடந்து காரில் ஏறினாள். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவற்றை விட்டுப் போக மனம் வராது என்று அவளுக்குத் தெரியும்.