நேற்றைய பக்கம்

எங்கள் வீட்டு ரவுட்டர்மேல் அம்மா ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தி வைத்திருப்பாள். தூசி படக்கூடாதாம். அது உள்ளே மூச்சுமுட்டிச் சூடாகி, அடிக்கடி தானே அணைந்து தானே எழும். பல வீடுகளில் நெட்வொர்க் கோளாறு இப்படிப் பாசத்தில்தான் தொடங்குகிறது.

ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு சேமிப்புப் பெட்டி உண்டு. வீட்டிலுள்ள எல்லோருடைய கோப்புகளும் அதில்தான். அண்ணனின் கல்யாண வீடியோ, அப்பா சேர்த்துவைத்து இதுவரை செய்து பார்க்காத யோகாசனப் படங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரியப்பாவின் சுயசரிதை.

பெரியப்பா ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களுடன்தான் இருந்தார். பகலில் மடிக்கணினியில் ஒரு பக்கம் எழுதுவார். மறுநாள் இரவுச் சாப்பாட்டின்போது அதை டிவியில் திறந்து எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். எழுந்து போக யாருக்கும் தைரியமில்லை. கை காயக் காய உட்கார்ந்திருப்போம். சுயசரிதையில் அவர் அப்போதுதான் ஆறாம் வகுப்புக்கு வந்திருந்தார்.

ஒருநாள் டிவிக்குப் பெட்டி தெரியவில்லை. ரவுட்டர் அணைந்து எழும்போதெல்லாம் பெட்டிக்குப் புது முகவரி கொடுத்துவிடும். டிவி பழைய முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பும். இதைக் கண்டுபிடித்தது நான். துணியை எடுத்துவிட்டு, பெட்டிக்கு ஒரே முகவரியை நிரந்தரமாக்கினேன். ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று.

இரவு பக்கம் திறந்தது. எப்படிச் சரியானது என்று அண்ணன் கேட்டான்.

"என்ன பெரிய வித்தை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். அதுவா சரியாயிடுச்சு" என்றார் பெரியப்பா.

நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். இயற்பியலில் முதுகலை படித்தவள். அதிகம் பேசமாட்டேன். பெரியப்பா எனக்கு வைத்திருந்த பெயர் சைலன்ட் மோடு.

எனக்குக் கோபமில்லை. எதுவும் அதுவாக நடப்பதில்லை என்று காட்ட நினைத்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியில் ஒரு வசதி இருக்கிறது. தினமும் ஃபோல்டர்களை நகலெடுத்து வைத்துக்கொள்ளும். வேண்டுமென்றால் பழைய நாளுக்குத் திரும்பிப் போகலாம். பெரியப்பா கண்ணயர்ந்த நேரத்தில் அவருடைய ஃபோல்டரை மட்டும் பின்னுக்குத் திருப்பினேன். அன்று இரவு நேற்றைய பக்கம் இல்லை.

"வாத்தியார் என் காதைத் திருகினதை எழுதினேனே."

நான் ரிமோட்டை வாங்கி, நிதானமாகத் தேடினேன். "அப்படி எதுவும் இல்லையே, பெரியப்பா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது பிடித்திருந்தது.

மறுநாள் அந்தப் பக்கத்தை மறுபடி கொண்டுவந்து வைத்தேன். "இருக்கே, பெரியப்பா. வேற ஃபோல்டர்ல போட்டிருந்தீங்க."

"காதைத் திருகினதுல மூளையும் லேசா திரும்பிடுச்சு போல" என்றான் அண்ணன். பெரியப்பாவும் சிரித்தார்.

தினமும் செய்யவில்லை. தினமும் நடந்தால் இயந்திரத்தின் தப்பு என்பார்கள். எப்போதாவது நடந்தால் மனிதனின் தப்பு. இதற்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

தொலைந்த பக்கத்தைப் பெரியப்பா மறுபடி எழுதுவார். பிறகு இரண்டையும் சேர்த்துக் கிடைக்கச் செய்வேன். ஒருமுறை ஒரு பக்கத்தில் வாத்தியார் வலது காதைத் திருகியிருந்தார், இன்னொன்றில் இடது காதை. ஆயுள் முழுக்க அடுத்தவர் பிழையைத் திருத்தியவர், டிவியில் தன் இரண்டு காதுகளையும் வெகுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு படிப்பதை நிறுத்திவிட்டார்.

தான் சாப்பிட்டாயிற்றா என்று அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தார். வீட்டுச் சாவியை அவராகவே அப்பாவிடம் கொடுத்தார். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்று பயமாம். ஞாபகத்தைச் சோதிக்க டாக்டர் கணக்கு கேட்டபோது சரியாகத்தான் சொன்னார். ஆனால் சரியா, சரியா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அது டாக்டருக்குப் பிடிக்கவில்லை. முதியோர் விடுதியில் சேர்த்தோம். அண்ணன் அழுதான். நான் மடிக்கணினியின் வயரை அழகாகச் சுற்றிக் கொடுத்தேன்.

விடுதிக்குப் போனதும் அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. ஞாபகத்தில் குறை ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். நானும் அண்ணனும் போனோம்.

"வேணாம்டா. அந்த வீட்டுக்கு வந்தா எனக்கு மறதி வந்துடுது" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பொண்ணு ஒருத்திதான் என்னைக் கேலி பண்ணல. பொறுமையா தேடிப் பார்த்துச்சு."

உண்மைதான். நான் யாரையும் கேலி செய்ததில்லை.

மறுபடி எழுத ஆசை, தொலைந்துவிடுமோ என்று பயம் என்றார். ஒரு சின்னப் பெட்டி வாங்கி, விடுதி நெட்வொர்க்கில் இணைத்து அவர் அறையில் வைத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டிலிருந்தும் அதைத் திறக்கலாம். ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டார். சாயங்காலமானால் என்னைத்தான் போனில் கூப்பிடுவார், எழுதினது இருக்கிறதா என்று கேட்க. இருக்கு பெரியப்பா என்பேன். அப்படியே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்போம். என்னிடம் அவ்வளவு நேரம் பேசுகிறவர் வேறு யாருமில்லை.

நேற்று கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன். எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று நம்பிக்கை வந்துவிட்டது, இனிமேல் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன் என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர் பெட்டியிலிருந்து நேற்றைய பக்கத்தை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். தனியாக இருக்கிற மனிதர். பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் வேண்டாமா?