மதில் இடைவெளியால் வந்த பந்து

தலைமை தாங்கும் விளையாட்டுக் கழகத் தலைவர் தில்லைநாதன் அவர்களே, செயலாளர் குகதாசன் அவர்களே, வயல் வேலையை இடையில் விட்டு வந்திருக்கும் கண்டாவளைப் பெரியோர்களே, பிள்ளைகளைப் பெற்றும் வளர்த்தும் ஓயாத தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. கரும்பலகைக்கு முகமும் வகுப்புக்கு முதுகும் காட்டிக் கணிதம் படிப்பித்தவன் நான். ஆனால் இன்று ஆத்திரம் என்னை மேடையேற்றியிருக்கிறது!

சென்ற வாரம் நமது மைதானத்துக்கு எதிரே மஹ்றூப் அவர்களின் கடைக் கண்ணாடி அலுமாரியை ஒரு கிரிக்கெட் பந்து உடைத்தது. மறுநாளே, பெண்கள் அணி மைதானத்துக்குள் வரக்கூடாது என்று செயலாளர் தடை போட்டார். வருகிற சனிக்கிழமை மாவட்ட இறுதிப் போட்டி! அணித் தலைவி யதுர்ஷிகா என்னிடம் வந்து, "சேர், எங்கட பந்து அங்கால போகவே இல்லை. ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை" என்றாள். அவளைக் கேட்டார்களா? மைதானத்தின் மேற்கு மதிலைக் கேட்டார்களா? மஹ்றூபையாவது கேட்டார்களா?

நான் மஹ்றூபைக் கேட்டேன். "மதில் இடிஞ்ச இடைவெளிக்குள்ளால விர்ரெண்டு வந்தது சேர். நான் குனிஞ்சிருக்காட்டி, உடைஞ்சது என்ர மண்டை" என்றார்.

அளவுநாடாவை எடுத்தேன். அந்த இடைவெளியை உற்பத்திப் புள்ளியாக, அதாவது அளவு தொடங்கும் இடமாகக் கொண்டேன். கண்ணாடி உடைந்த இடம் அங்கிருந்து மேற்கே நான்கு மீற்றர், தெற்கே மூன்று மீற்றர்.

என்ன தம்பி? "சேர், சோதினை வைக்கப்போறியளோ" என்கிறீரா? வைக்கத்தான் போகிறேன். விடை எழுத வேண்டியவர் நீர் அல்ல!

பறக்கும் பந்து மேலும் கீழுமாக வளையும். ஆனால் நேர் மேலேயிருந்து பார்த்தால் அதன் பாதை நேர்கோடு. இரண்டு புள்ளிகள் தெரிந்தால் கோடு தெரியும். கண்ணாடியிலிருந்து இடைவெளி வழியாக மைதானத்துக்குள் அந்தக் கோட்டை நீட்டினேன். கிழக்கே நான்கு போனால் வடக்கே மூன்று. கிழக்கே நாற்பது போனால் வடக்கே முப்பது. பெண்களின் ஆடுகளமோ தெற்கே! அங்கிருந்து வரும் பந்து இடைவெளியில் திரும்பியல்லவா கண்ணாடிக்குப் போக வேண்டும்? திரும்புவதற்கு அது பந்தா, பேருந்தா?

ஓம் அம்மா, பூநகரிப் பேருந்துகூட அதில் திரும்பாதுதான்.

மதில் விளிம்பில் பட்டுத் திரும்பியதோ என்று என்னையே சந்தேகித்தேன். போய்ப் பார்த்தேன். விளிம்பெல்லாம் பாசி. ஒரு கீறல் இல்லை.

அப்படியானால் வடக்கே முப்பதில் இருப்பது என்ன? மூத்த உறுப்பினர்களின் ஆடுகளம். அன்று மாலை அங்கே துடுப்பு மட்டையோடு நின்றவர் யார்? நான் சொல்லவில்லை. "செயலாளர், செயலாளர்" என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள்!

கண்ணாடி உடைந்ததற்கு எனக்குக் கோபமில்லை. விளையாடினால் உடையும். உடைத்த கையே பிள்ளைகள் மீது பழியைப் போட்டு, வாசலில் அவர்களை மறித்ததே, அதற்குத்தான் கோபம்!

தலைவர் மெல்லச் சொல்கிறார், "கூட்டம் முடியக் கதைப்பம் சேர்" என்று. மன்னியுங்கள் ஐயா. கூட்டம் முடிய இருட்டிவிடும். பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் பயிற்சி போய்விடும். தடையை இப்போதே, இந்த ஒலிவாங்கியிலேயே நீக்குங்கள். சற்று முன் நீங்கள் போர்த்திய பொன்னாடையை இந்த மேசையில் வைக்கிறேன். பெண்கள் ஆடுகளத்தில் இறங்கிய பிறகு, எனக்கு அது தகுமென்றால் தாருங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. மைதான வாசலுக்கு வெளியே, துடுப்போடு வெயிலில் நிற்கும் யதுர்ஷிகாவுக்கும் அவள் அணிக்கும் என் வணக்கம்.