நிறையாத தொட்டி

– குடைய இப்படிக் கொடு மருமகளே. நீ நனைஞ்சுக்கிட்டு எனக்குப் பிடிக்கிற.

– நீங்க உள்ள போங்க மாமா. இருமல் இப்பத்தான் அடங்கியிருக்கு.

– தொட்டியப் பாத்துட்டுப் போறேன். இன்னைக்கு நிறைஞ்சே ஆகணும். மூடியத் தூக்கு... இந்தா பாரு! ஊத்து ஊத்துன்னு ஊத்துது, தண்ணி முழங்காலுக்குக்கூட ஏறல.

– போன மழைக்கும் இப்படித்தானே. ஜாயிண்ட்ல கோளாறுன்னு நீங்களே சொன்னீங்க.

– அது அப்போ. இப்ப ஒவ்வொண்ணையும் தடவிப் பாத்துட்டேன், ஒரு சொட்டு ஒழுகல.

– மொட்டைமாடி சின்னது மாமா...

– காலமெல்லாம் குழாய் மாட்டினவன்கிட்டயே கதை விடாத. கேளு. மழை பிடிச்சதும் நான் என்ன செஞ்சேன்? இந்தப் பக்க வால்வைத் திறந்து விட்டேன். மாடியில கிடக்குற தூசி, புறா எச்சம் எல்லாம் மொதத் தண்ணியோட சாக்கடைக்குப் போகட்டும்னு. தெளிஞ்சதும் இறுக்கி மூடினேன், இனிமே வர்றது தொட்டிக்குப் போகணும்ல. அப்புறம் வந்து டீ குடிச்சேன்.

– சக்கரை பத்தலன்னு திட்டுனீங்க.

– பத்தலதான். மூடின வால்வு எப்படித் திறந்து கிடக்கு?

– பூனை இடிச்சிருக்கும்.

– கைப்பிடியில மாவு ஒட்டியிருக்கு பாரு, சன்ஷேடுக்குக் கீழ இருக்கறதால கரையல. உங்க வீட்டுப் பூனை மாவு பிசையுமோ?

– ...நான்தான் திறந்தேன் மாமா.

– எதுக்கு? வெயில் காலத்துல லாரித் தண்ணிக்குக் குடத்தோட ஓடினேன்னு போன்ல அழுதது யாரு? அதக் கேட்டுத்தானே மழைத்தண்ணி பிடிக்கப் பைப்பும் அத ஒட்டுற சொல்யூஷனுமா பஸ் ஏறி வந்தேன்.

– வந்தீங்க. செருப்பக் கழட்டும்போதே என்ன சொன்னீங்க? "தொட்டி நிறைஞ்சதும் கிளம்பிடுவேன், யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்"னு சொல்லல?

– சொன்னேன். அதுக்கு?

– உங்க மகன் அதையே பிடிச்சுக்கிட்டு, இன்னைக்கு மழையில நிறைஞ்சிடும், அப்பாவுக்கு டிக்கெட் போட்டுடவான்னு கேக்குறாரு.

– காலையில அது என் காதுலயும் விழுந்துச்சு. போடட்டும். எனக்கென்ன, அங்க வீடில்லையா?

– வீடு இருக்கு. யாரு இருக்கா? அத்தை போனப்புறம் அடுப்பே பத்த வைக்கிறதில்லையாம். பிஸ்கட்ட நனைச்சுத் தின்னுட்டுப் படுத்துக்கிறீங்களாம். பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க.

– அந்தம்மாவுக்கு வேற வேலை இல்ல.

– எனக்கும்தான் இல்ல. இவரு காலையில போனா இருட்டினப்புறம்தான் வர்றாரு. நாள் முழுக்க செவுத்தோட பேசிக்கிட்டுக் கிடந்தேன். நீங்க வந்து குத்தம் சொல்ல ஆரம்பிச்சப்புறம்தான் மாமா, இது வீடு மாதிரி இருக்கு.

– நான் குத்தம் சொல்றது உனக்கு இனிக்குதாக்கும்.

– இனிக்குது. சக்கரைதான் பத்தல.

– வாயப் பாரு! இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே.

– நீங்க ரோஷக்காரரு. இரக்கப்பட்டுச் சோறு போடுறியான்னு எகிறுவீங்க. உங்க மகனுக்கோ பிடிச்ச முயலுக்கு மூணே கால். யாருகிட்ட போய்ச் சொல்ல? அதான் வால்வைத் திருகிட்டேன்.

– பெய்யுற மழையைச் சாக்கடையில விட்டுட்டுப் பேச்சப் பாரு.

– இன்னைக்கு ஒரு நாள்தானே மாமா! முந்தின மழைக்கெல்லாம் நான் இந்தப் பக்கமே வரல, சத்தியமா. அப்ப மட்டும் நிறைஞ்சிடுச்சா? எங்கயோ ஒழுகத்தான் செய்யுது. நல்லாப் பாருங்க.

– ஒழுகலம்மா. அப்பல்லாம் திறந்து விட்டது நான்.