பெரிய தெருவில் குட்டிக் கார்

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். குமணன்சாவடிப் பக்கம் ஒரு கிராமத்தில், பெரிய தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டது இது.

பண்ணையில் கூலிவேலை செய்த குடும்பத்துப் பிள்ளை, இப்போது பட்டணத்தில் மெக்கானிக், பழைய குட்டிக் காரில் குடும்பத்தோடு வந்தார். பண்ணைக்காரர் மறித்தார்.

“எங்க தெருவுல குந்திகினா போவ? எறங்கித் தள்ளிகினு போடா. பெட்ரோலும் மிச்சம்.”

“இது கம்மியாத்தான் குடிக்குது அண்ணாத்தே. குந்திகினே போறோம்.”

“அண்ணாத்தேவா? ஒங்கப்பன் என்னை ஆண்டேன்னு கூப்புட்டவன்டா!”

முன்னால் குழந்தையோடு இருந்த மனைவி எட்டிப் பார்த்தார். “மாமனாரு பின்னாடிதான் கீறாரு. அவரையே கேட்டுக்க.”

பேரப்பிள்ளைகள் நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்த பெரியவர் பண்ணைக்காரரைப் பார்க்கவேயில்லை.

“ஆரன் அடி நைனா. வழியில ஆளு நிக்குது.”

எழுதத் துணிந்த நாள்: விய வருஷம், தை 5.