புறப்படும் இடம்

தாமதமாக வருகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல, மேடம். எப்போது கிளம்ப வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். போனில் இருக்கும் காலண்டரில் ஒரு வேலையைக் குறிக்கும்போது, அதன் கீழேயே பயண நேரம், புறப்படும் இடம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலோர் அவற்றைத் தொடுவதே இல்லை. நான் தொட்டேன். என் மேல் உள்ள புகாரும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பான்சியா நகரில் ஒரு பார்சல் கம்பெனியில் வண்டிகளை அனுப்பும் பிரிவுக்கு நான் பொறுப்பு. எந்த வண்டி எங்கிருந்து கிளம்பினால் எப்போது போய்ச் சேரும் என்பதுதான் என் பிழைப்பு. என் மனைவி பெய்ரோங் அப்படியில்லை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. வழியில் பூனையைக் கண்டால் நின்றுவிடுவாள். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போனால் பாதிப் படத்தில்தான் நுழைவோம், அதற்கும் சிரிப்பாள். ஆகவே எங்கள் இருவரின் காலண்டரையும் ஒன்றாக இணைத்து, அவளுடையதையும் நானே நிரப்ப ஆரம்பித்தேன். "அப்பாடா, இனிமே நான் யோசிக்கவே வேணாம்" என்றாள். அவள் வாயால் சொன்னது. தயவுசெய்து இதை என் வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஒரு மாலை பக்கத்து ஊரான யோங்ஹேவில் பாட்டுக் குழுவின் பயிற்சிக்குப் போவாள். முகமெல்லாம் மலர்ந்து திரும்பி வருவாள். நான் அந்நேரம் குப்பைப் பையோடு தெருவில் நின்று, குப்பை வண்டியின் பாட்டைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். குறையாகச் சொல்லவில்லை. பயிற்சிக்கான பயண நேரத்தைக் கொஞ்சம் கூட்டினேன். பிறகு இன்னும் கொஞ்சம்.

"சிமிங், யோங்ஹே என்ன அவ்ளோ தூரமா? முன்னெல்லாம் ரெண்டு பாட்டு முணுமுணுக்கிறதுக்குள்ள போயிடுவேனே."

"பாலத்துல வேலை நடக்குது. பாடிக்கிட்டே போனா கண்ணு தெரியுமா?"

சிரித்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பினாள். பூட்டிய மண்டபத்தின் வாசலில் மழையில் காத்திருந்தாள். சில வாரங்களில், ரொம்பத் தூரம் என்று அவளே நின்றுவிட்டாள். போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பயண நேரம் நீண்டால் ஒரு வேலை இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். அப்படி ஏறும்போது வருகிற அழைப்பைத் தானாகவே மறுத்துவிடும் வசதியும் இருக்கிறது. அதையும் போட்டுவைத்தேன். ஒரு தோழியின் கல்யாணம், பள்ளித் தோழிகளின் விருந்து, பக்கத்து மேசைக்காரியின் பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் 'வர இயலவில்லை, மன்னிக்கவும்' என்று மரியாதையாகப் பதில் போனது. நான் யாரையும் மறுக்கவில்லை, காலண்டர் மறுத்தது. அப்புறம் அழைப்புகளே வரவில்லை.

"யாருக்கும் என்னைப் பிடிக்கலை போல" என்றாள் ஒருநாள், பாத்திரம் கழுவிக்கொண்டே.

"எனக்குப் பிடிக்குதே" என்றேன். அது உண்மை.

நாளடைவில், தெருமுனையில் சோயாப் பால் வாங்கி வரவும் எவ்வளவு நேரமாகும் என்று என்னைக் கேட்க ஆரம்பித்தாள். ஒருவர் நம்மேல் இவ்வளவு நம்பிக்கை வைப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, மேடம்.

அவளுடைய அம்மா, ரயிலில் போக வேண்டிய தூரத்தில், கீலுங்கில் இருந்தார். தங்கை மெய்ஷூவும் அங்கேதான், மீன் உருண்டைக் கடை வைத்திருக்கிறாள். அவளுக்கு என்னைக் கண்டால் ஆகாது. "அத்தான், எங்கக்கா என்கிட்ட போன்ல பேசணும்னாலும் பயண நேரம் போடணுமா?" என்று ஒருமுறை கேட்டாள். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை. மெய்ஷூதான் கூப்பிட்டுச் சொன்னாள்: "உள்ளே கொண்டுபோறதுக்கு முன்னாடி பெரியவளைப் பார்க்கணுமாம். காலைல நேரத்தோட வந்துடச் சொல்லுங்க." அதன் பிறகு பெய்ரோங் ஒரு மாதம் அங்கேயே இருந்து கவனித்துக்கொள்வதாக ஏற்பாடு. நான் கவனித்துப் பார்க்கிறவன். அவள் கட்டிய பெட்டியில் குளிர்காலச் சட்டைகளும் இருந்தன.

முந்தின நாள் மாலை, அறுவை சிகிச்சைக்கான குறிப்பைத் திறந்து, புறப்படும் இடத்தை மாற்றினேன். எங்கள் வீட்டை எடுத்துவிட்டு, கீலுங் ரயில் நிலையத்தைப் போட்டேன்.

"அலாரம் வைக்கட்டுமா?" என்று படுக்கும்முன் கேட்டாள்.

"எதுக்கு? கிளம்ப வேண்டிய நேரத்துக்கு அதுவே எழுப்பும். ரயிலு, நடை எல்லாம் அதுக்குத் தெரியும். நீ நிம்மதியா தூங்கு."

சொன்னபடியே அது எழுப்பியது. செயலியில் பிழை எதுவும் இல்லை. கீலுங் நிலைய வாசலில் நிற்கிற ஒருவர் மருத்துவமனைக்கு நடந்துபோக அது மிகச் சரியான நேரம். நான் முன்பே விழித்திருந்தேன். அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தேன். வெயில் முகத்தில் விழுந்தபோது எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டேன். அவளுக்குத் தூக்கம் தேவைப்பட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது அறுவை அறையின் கதவை மூடிவிட்டார்கள். அம்மா தள்ளுவண்டியை இரண்டு தடவை நிறுத்தச் சொல்லி வராந்தாவைப் பார்த்தாராம். பிறகு அவர் கண் விழிக்கவில்லை. அது என் திட்டத்தில் இல்லை. அம்மா கோபித்துக்கொள்வார், இவள் அவமானப்பட்டு அன்று சாயங்காலமே பெட்டியோடு வீடு திரும்புவாள் என்றுதான் நினைத்திருந்தேன். மருத்துவர்கள் செய்ததை என் தலையில் கட்டுவது நியாயமில்லை.

சாவுச் சடங்குக்காக எல்லோரும் உட்கார்ந்து காகிதத் தாமரை மடித்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் பழைய படம் ஒன்றைத் தேட மெய்ஷூ அக்காவின் போனை வாங்கினாள். விரல் எங்கெங்கோ போய்க் காலண்டரில், அறுவை சிகிச்சைக்கான குறிப்பில் நின்றது.

"அக்கா, அன்னிக்கு ராத்திரி நீ கீலுங் ஸ்டேஷன்லயா படுத்திருந்தே?"

கடைசியாக மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. பெய்ரோங் அதை நெடுநேரம் பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"யோங்ஹே பாலத்துல வேலை நடந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை" என்றேன். நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்வேன். அது என் குணம்.

கையிலிருந்த தாமரையை மடித்து முடித்தாள். போனை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தங்கையோடு வெளியே போனாள். மெய்ஷூவின் கடையும் அன்றிலிருந்து பூட்டியிருக்கிறது, போய்ப் பார்த்தேன். பிறகு நீதிமன்றத்திலிருந்து, நான் அவளை நெருங்கக் கூடாது என்று ஆணை வந்தது. அவள் தங்கியிருக்கும் இடத்தை மட்டும் அதில் குறிப்பிடவில்லை.

ஆக, நேரத்தைக் கூட்டியது நான். இடத்தை மாற்றியது நான். தெரிந்தேதான் அவளைத் தூங்க விட்டேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒரேயொரு உதவி, மேடம். வரும் சனிக்கிழமை மாலைக்கு அவள் காலண்டரில் 'வீடு திரும்புதல்' என்று குறித்திருக்கிறேன். சேரும் இடம் போட்டாயிற்று. புறப்படும் இடம்தான் காலியாக இருக்கிறது. முழு முகவரி வேண்டாம், தெருவின் பெயர் போதும். அவள் வழியில் சிரமப்படக் கூடாது, அதுதான் என் கவலை.