பலூன் ஊதிய மெஷின்

வில்லியனூரில் இருந்து பாகூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மடியில் ஹெல்மெட்.

“வண்டி இன்னாச்சு மச்சான்?” என்றார் மற்றவர்.

“செலியமேடு கரும்புக் கொல்லையாண்ட டயர்ல காத்து எறங்கிடுச்சு. காத்தடிக்கிற மெஷின எடுத்தா, சார்ஜே இல்ல.”

“போன வாரம் வாங்குனதாச்சே?”

“பக்கத்து வூட்டு மஞ்சத்தண்ணி ஃபங்ஷனுக்கு பலூன் ஊதக் கேட்டாங்க. பந்தல் ஃபுல்லா ஊதிட்டு அப்டியே குடுத்துட்டாங்க. வேற எது வாங்கலாம் சொல்லு.”

“பேட்டரி வேணாம். கார்ல சொருவுற ஒயர் மெஷின் வாங்கு.”

“எங்கிட்ட ஏதுடா காரு?”

“தெருவுல எவன்கிட்டயுமே இல்லல்ல. ஒருத்தனும் இரவல் கேக்க மாட்டான்.”

ஹெல்மெட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு ஸ்டாப்பிங் தூரம் யோசித்தார்.

“அதுல எந்தக் கம்பெனி நல்லாருக்கும்?”