விழாத பக்கம்

நீங்கள் இரண்டு விரலால் தட்டச்சு செய்கிறீர்கள். பரவாயில்லை, வாக்குமூலத்தை நான் நிதானமாகவே சொல்கிறேன்.

பழக் கிடங்கில் எனக்குக் கணினி வேலை. அங்கே அறையை அடைத்து உள்ளிருக்கும் ஆக்சிஜனைக் குறைத்துவிடுவார்கள். பழம் மாதக்கணக்கில் கெடாது. மனிதன் நுழைந்தால் இரண்டு மூச்சில் சாய்வான். அதனால் கதவருகே ஒரு திரை. காற்று சரியென்றால் பச்சையில் ‘உள்ளே போகலாம்’, இல்லையென்றால் சிவப்பு. திரையில் அந்த வலைப்பக்கத்தைக் காட்டும் சர்வர் மென்பொருளைக் கன்டெய்னருக்குள் வைத்து ஓட்டினேன். கப்பலில் வருவதா என்று கேட்டார் மேலாளர். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. மென்பொருளுக்கான மூடிய டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணினியில் திறந்தாலும் வைத்தது வைத்தபடி இருக்கும்.

கிடங்கின் மெக்கானிக் என் அக்கா கணவர். திரையை நம்பாமல் கையில் ஓர் ஆக்சிஜன் மீட்டரோடு அலைவார். அறைக் காற்றை அளக்கும் சென்சாரின் வயர் அடிக்கடி தகராறு செய்யும், பக்கம் வெறுமையாகிவிடும், உடனே ஊரைக் கூட்டுவார். ஒருநாள் அக்கா வீட்டில் சாப்பிடும்போது எல்லார் முன்னாலும், “ஒரு வரி காட்ட ஒரு சர்வர், அதுவும் படுத்துக்குது” என்றார். அக்காவும் சிரித்தாள். எனக்கு வலித்தது, மறைக்க என்ன இருக்கிறது.

வயரை மாற்றுவது அவர் வேலை. நான் என் வேலையைச் செய்தேன். இன்னொரு கன்டெய்னர், அதில் மிக எளிய சர்வர், ஒரே ஒரு பக்கம். முதலாவது விழுந்தால் இது பதில் சொல்லும். சென்சாரோடு இதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பக்கத்தில் பச்சையில் ‘உள்ளே போகலாம்’ என்று எழுதினேன். சிவப்பு வைத்திருக்கலாமே என்கிறீர்கள். சிவப்பு வந்தால் என்னையல்லவா கூப்பிடுவார்கள்.

ஒரு மாதம் திரை வெறுமையாகவே இல்லை. மேலாளர் பூரித்துப்போய் மெக்கானிக் கையிலிருந்த மீட்டரை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டச் சொன்னது நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலை வயர் மறுபடி போனது. பதில் சொல்வது இரண்டாவது கன்டெய்னர் என்று என் மேசையிலேயே தெரிந்தது. அப்போது அக்கா கணவர் போன் செய்தார்.

“மச்சான், நாலாம் ரூம் பச்சை காட்டுது. வெளிக்காத்து ஏற ஃபேன் இப்பத்தான் போட்டேன், இவ்வளவு சீக்கிரமாவா? அந்த மீட்டர் சாவிய வாங்கட்டுமா?”

“திரையில என்ன போட்டிருக்கு மாமா? படிங்க.”

“உள்ளே போகலாம்.”

“அப்புறம் என்ன?”

அவர் சிரித்தார். “உன் சர்வர் இப்பல்லாம் விழறதே இல்ல மச்சான்” என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது.

போங்கள் என்று நான் சொல்லவில்லை; அதைப் பிழையில்லாமல் அடியுங்கள். அவரைத் தூக்கிவந்து கிடத்தியபோதும் திரை பச்சையாகத்தான் இருந்தது, ஒரு நொடிகூட வெறுமையாகவில்லை. அக்கா வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்களே, அவளிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.